பிரிகேடியருக்கு மேல் போகிறவர்களிடம் எதை எதிர்பார்க்கிறோம்?

குன்னூர் கார்த்தி:

எங்க பெரியப்பா மகனுக்கு நம்பர் 2 போர்டு (கர்னல்களிலிருந்து பிரிகேடியரைத் தேர்ந்தெடுக்கும் குழு) முடிவு வந்துவிட்டது. கர்னலாக இருந்தவர் பிரிகேடியர் ஆகிறார். தோளில் அசோகச் சின்னத்துக்குக் கீழே மூன்று நட்சத்திரம், வண்டியில் ஒரு நட்சத்திரப் பலகை. வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் பக்கத்திலேயே வளர்ந்ததால் அந்த உலகத்தைக் கொஞ்சம் வெளியிலிருந்து பார்த்தவன். 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரிகேடியரும் அவருக்கு மேலே உள்ளவர்களும் ரெஜிமென்ட் வித்தியாசம் இல்லாமல் ஒரே மாதிரி உடுத்த வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. தொப்பி, தோள் சின்னம், காலர் பட்டை, பெல்ட், ஷூ எல்லாமே பொது. ரெஜிமென்ட் கயிறு கிடையாது. மெட்ராஸ் ரெஜிமென்டா, கூர்க்காவா, பீரங்கிப் படையா என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் "என் பல்டன், என் ஆட்கள்" என்று வாழ்ந்தவரிடம், இனி எல்லாரும் உன் ஆட்கள்தான் என்று சொல்கிற விதி அது.

என் கேள்வி இதுதான். வீரம், ஒழுக்கம், தொழில் அறிவு எல்லாவற்றையும் கர்னல் வரைக்கும் ஒவ்வொரு ஏ.சி.ஆரிலும் (மேலதிகாரி எழுதும் வருடாந்திர ரகசிய அறிக்கை) அளந்து பார்த்துவிடுகிறார்கள். அதற்கு மேல் புதிதாக என்ன வேண்டும்? மேலே இருப்பவருக்குப் பிடிக்காத செய்தியை அவர் முகத்துக்கு நேரே சொல்கிற துணிவுதான் என்று எனக்குப் படுகிறது. மற்றவர்கள் சொல்லுங்கள். முக்கியமாக உள்ளே இருந்தவர்கள்.

கம்மவான்பேட்டை சுபேதார்:

தம்பி, அண்ணனுக்கு என் சல்யூட்டைச் சொல்லுங்க.

நீங்க மேலே சொல்றதைப் பத்திப் பேசறீங்க. நான் கீழே இருந்து வந்தவன், அதனால கீழேருந்து சொல்றேன். ஜெனரல் சாப் வர்றார்னா ஒரு வாரம் முன்னாடியே கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். லங்கர்ல, அதான் ஜவான்களோட சாப்பாட்டுக் கூடத்துல, அன்னிக்கு மட்டும் பனீர் இருக்கும். சாண்ட் மாடல் (மண்ணுல செஞ்ச வரைபடம்) பக்கத்துல குச்சியைப் பிடிச்சிக்கினு ஒருத்தர் ரெடியா நிப்பாரு. சாப் வந்து ஜவானைப் பார்த்து, "கோயி தக்லீஃப்?" (ஏதாவது கஷ்டமா?) அப்படின்னு கேப்பாரு. "நஹீ சாப்!" (இல்ல சார்!) இந்தப் பதில் டிரெயினிங் சென்டர்லயே எங்க ரத்தத்துல ஏறிடும். கையுறை ஓட்டையா இருந்தாலும் நஹீ சாப்தான்.

நாங்க சிக்கிம்ல உயரமான போஸ்ட்ல இருந்தப்போ புதுசா ஒரு பிரிகேட் கமாண்டர் வந்தாரு. டீ ரெடியா இருந்தது, உட்காரல. நேரா சென்ட்ரி டூட்டி முடிஞ்சி வந்த பையன்கிட்ட போனாரு. "கையுறையைக் கழட்டு" அப்படின்னாரு. அதுக்குள்ள தன் விரலை விட்டாரு, ரெண்டு விரல் வெளியே வந்தது. பேசாம அடுத்த ஆள்கிட்ட போனாரு. அப்புறம் புகாரி (குளிருக்கு எரிக்கற மண்ணெண்ணெய் அடுப்பு) எரியற குடிசைக்குள்ள குனிஞ்சி நுழைஞ்சி, மண்ணெண்ணெய் ஜெர்ரிகேனைக் கையால தூக்கி ஆட்டிப் பார்த்தாரு. குவார்ட்டர் மாஸ்டர் ரெஜிஸ்டர்ல நிறைய இருக்கு, கேன்ல சத்தமே இல்ல.

எங்க சி.ஓ.வை (பட்டாலியன் தலைவர்) ஜவானுங்க எதிர்ல ஒரு வார்த்தை திட்டல. தனியா கூட்டிக்கினு போய் பேசினாரு. அடுத்த கான்வாய்ல கையுறை வந்தது. அதுக்கப்புறம் அவர் "தக்லீஃப்?" னு கேட்டா பசங்க வாயைத் திறந்தாங்க.

உண்மையை மேலே சொல்லணும்னா மொதல்ல அது அவர்கிட்ட வந்து சேரணும் தம்பி. நட்சத்திரம் ஏற ஏற அது வர்ற வழி அடைச்சிக்கினே போகும். அதைத் தோண்டித் திறந்து வைக்கிறவர்தான் எங்களுக்கு ஜெனரல்.

பழம்போர் வாசகன்:

சுபேதார் ஐயா சொன்ன கையுறையை 1962 சீனப் போரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மேல்மட்டத் தலைமைக்கு இந்தியா கொடுத்த விலை அங்கேதான் இருக்கிறது.

இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் வடமேற்கு மூலையில் நம்கா சூ ஆற்றங்கரை. எதிரே தக்லா மேட்டில் சீனர்கள். அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்து என்று டெல்லி உத்தரவிட்டது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் 33-வது கோர் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங் (பல பிரிகேட்கள் சேர்ந்தது டிவிஷன், பல டிவிஷன்கள் சேர்ந்தது கோர்). அவர் செய்யமாட்டேன் என்று சொல்லவில்லை. செய்ய வேண்டுமானால் எவ்வளவு ஆள், எவ்வளவு குண்டு, எத்தனை நாள் உணவு முன்கூட்டியே சேர்ந்திருக்க வேண்டும் என்று எழுத்தில் கணக்குக் கொடுத்தார். அதன் பலன் என்ன? அக்டோபர் தொடக்கத்தில் அந்தப் பகுதியே அவர் கையிலிருந்து போனது. புதிதாக 4-வது கோர் என்று ஒன்றை உருவாக்கி லெப்டினன்ட் ஜெனரல் பி.எம். கௌலிடம் கொடுத்தார்கள்.

கௌலைக் கோழை என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். உடம்பு அந்த உயரத்துக்குப் பழகாத நிலையிலேயே அவர் நம்கா சூவுக்கு நேரில் போனார். வழியில் ஒரு சுமைதூக்கி அவரை முதுகில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அக்டோபர் 10 அன்று செங்ஜோங்கில் சீனர்கள் தாக்கியதைக் கண்ணால் பார்த்தார். நம் ஜவான்கள் கோடைக்கால உடையில் இருந்தார்கள். கையில் ஆளுக்கு ஐம்பது தோட்டா அளவில்தான் இருந்தது. விமானத்திலிருந்து போட்ட மூட்டைகளில் பெரும்பகுதி பள்ளத்தாக்கில் விழுந்து வீணானது. இத்தனையையும் பார்த்துவிட்டு டெல்லிக்குப் பறந்து போய் பிரதமர் நேரு முன்னால் உட்கார்ந்தார்.

என்னைப் பொறுத்தவரை அவருக்கான பரீட்சை நம்கா சூவில் நடக்கவில்லை, அந்த அறையில்தான் நடந்தது. தாக்குதல் திட்டம் நின்றது, ஆனால் படைகள் அதே ஆற்றங்கரையில், அதே குழிகளில் இருந்தன. "இந்த இடத்தில் நிற்கவே முடியாது, பின்னால் வரவிடுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் போடுங்கள்" என்று அழுத்தி நிற்க வேண்டியவர் நிற்கவில்லை. பிறகு உடல்நலம் கெட்டு அக்டோபர் 18 அன்று டெல்லி திரும்பி, படுக்கையிலிருந்தே கோரை நடத்தினார். அக்டோபர் 20 விடியலில் சீனர்கள் இறங்கினார்கள். சில மணி நேரத்தில் 7-வது பிரிகேட் சிதைந்தது. அதன் தலைவர் பிரிகேடியர் ஜான் தல்வி 22-ஆம் தேதி பிடிபட்டார்.

இன்னொரு பக்கம், அதே காலகட்டத்தில் கார்த்தியின் ஊரில், வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜின் தலைவராக இருந்த சாம் மானெக்‌ஷா மீது விசாரணை நடந்தது. மனதில் பட்டதைப் பேசுகிறவர் என்பதுதான் அதன் பின்னணி. குற்றமற்றவர் என்று முடிவானது. போர் கைமீறிய பிறகு அதே 4-வது கோரை அவரிடம்தான் ஒப்படைத்தார்கள்.

கடலோரம்:

நான் கப்பற்படையில் இருந்தவன். எதிர்க்கருத்து ஒன்று சொல்லியே ஆகவேண்டும்.

தலைமை என்று பேச்சு வந்தாலே நம் ஆட்கள், வங்கதேசப் போரின்போது தரைப்படைத் தலைவராக இருந்த மானெக்‌ஷாவின் 1971 ஏப்ரலுக்குப் போய்விடுகிறார்கள். "இப்போது முடியாது" என்று, உடனே போர் தொடுக்கக் கேட்ட பிரதமர் இந்திரா காந்தியிடம் சொன்னார் என்று கைதட்டுவோம். அவர் முடியாது என்று மட்டும் சொல்லியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மழைக்காலத்தில் கிழக்கு வங்காளம் முழுக்கத் தண்ணீர், ரயில் பெட்டிகள் அறுவடைக்கு வேண்டும், குளிர்காலம் வந்தால் பனி இமாலயக் கணவாய்களை அடைத்து சீனாவைத் தடுக்கும் என்று காரணம் சொன்னார். எனக்கு நேரம் கொடுங்கள், ஜெயித்துக் கொடுக்கிறேன் என்று கூடவே உறுதியும் கொடுத்தார்.

துணிந்து ஒன்றைச் செய்யும் குணம்தான் மேல்மட்டத்தில் அபூர்வம். ஓசா ஏவுகணைப் படகுகள் துறைமுகக் காவலுக்காக சோவியத்திடம் வாங்கியவை. அதிக தூரம் ஓடாது. கப்பற்படைத் தலைவர் அட்மிரல் நந்தா அவற்றையே கராச்சிக்கு அனுப்பத் துணிந்தார். 1971 டிசம்பர் 4 இரவு நிபாத், நிர்காத், வீர் மூன்றும் போய் அடித்துவிட்டுத் திரும்பின. தப்பாகப் போயிருந்தால் பழி முழுக்க அவர் தலையில்தான் விழுந்திருக்கும்.

மறுப்பதற்கான காரணம் எல்லோரிடமும் இருக்கும். புதிதாகப் பதவி ஏறுகிறவர் ஆபத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்வாரா என்பதையே நான் பார்ப்பேன்.

பழம்போர் வாசகன்:

கடலோரம் அண்ணே, நீங்கள் சொல்வதும் நான் சொல்வதும் ஒரே ஆளிடம் இருந்ததற்கு சகத் சிங் சாட்சி.

1965 செப்டம்பரில் சீனா மிரட்டல் விட்டபோது, சிக்கிம் எல்லையில் நாதுலா, ஜெலப்லா என்ற இரண்டு கணவாய்களிலும் முன்னணிக் காவலை விட்டுப் பின்வாங்கச் சொல்லி கோர் தலைமையகம் உத்தரவிட்டது. ஜெலப்லா காலி செய்யப்பட்டது, சீனர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நாதுலா மேஜர் ஜெனரல் சகத் சிங்கின் பொறுப்பில் இருந்தது. கணவாயின் தலையை விட்டு இறங்கினால் கீழே தற்காப்புக்கு இடமில்லை என்று அவர் வாதாடினார், இறங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து 1967 செப்டம்பரில் அங்கே சண்டை வெடித்தபோது அந்த உயரம் நம் கையில் இருந்ததற்கு அந்தப் பிடிவாதம்தான் காரணம்.

1971-இல் அதே மனிதர் 4-வது கோருக்குத் தலைவர். மேக்னா ஆறு வரை போவதுதான் வேலை. டாக்கா அவர் இலக்கே இல்லை. அஷூகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்தது. இவரோ டிசம்பர் 9 முதல் எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்களில் ஆட்களை ஏற்றி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறக்கத் தொடங்கினார். இறங்குமிடத்தை முன்னாடியே தானே ஹெலிகாப்டரில் பறந்து பார்த்திருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். சுபேதார் ஐயாவின் பிரிகேட் கமாண்டர் கையுறைக்குள் விரல் விட்டதும் இதுவும் ஒரே குணம்.

தானே போய்ப் பார்க்காததால் என்ன ஆகும் என்பதற்கு 1965 பாகிஸ்தான் போரில் லாகூர் அருகே நடந்த டோக்ராய் சண்டை. செப்டம்பர் 6 அன்றே 3 ஜாட் பட்டாலியன் டோக்ராயைப் பிடித்து இச்சோகில் கால்வாயை எட்டிவிட்டது. பின்னால் உதவி வரவில்லை, திரும்ப வேண்டியதாயிற்று. டிவிஷன் தலைவர் மேஜர் ஜெனரல் நிரஞ்சன் பிரசாத்தைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதே டோக்ராயை அதே பட்டாலியன் செப்டம்பர் 21-22 இரவில் மறுபடி பிடித்தது. முதல் முறை கிடைத்ததை இரண்டாம் முறை வாங்க எத்தனை உயிர் போனது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது.

ஓய்வு பெற்ற சிஸ்டர்:

மிலிட்டரி நர்சிங் சர்வீஸில் இருந்தவள் நான். நீங்கள் எல்லோரும் போர்க்களத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பதவி உயர்வுக்குப் பிறகு வரும் முதல் சங்கடம் மெஸ்ஸில்தான் வரும்.

கர்னல் 54 வயதில் ஓய்வு, பிரிகேடியர் 56, மேஜர் ஜெனரல் 58, லெப்டினன்ட் ஜெனரல் 60. ஒவ்வொரு படியிலும் கூம்பு குறுகிக்கொண்டே போகும். ஒரே நாளில் அகாடமியிலிருந்து வெளியே வந்தவர்களில் பலர் கர்னலாகவே நின்றுவிடுவார்கள். திறமை இல்லாததால் அல்ல, இடம் இல்லாததால். நேற்று வரை "டேய்" என்று பேசிய பேட்ச்மேட் இன்றைக்கு எழுந்து நின்று "சார்" என்கிறார். வார்டில் நான் பார்த்திருக்கிறேன். நெஞ்சுவலி என்று படுத்திருந்த ஒரு கர்னலைப் பார்க்க அவருடைய பேட்ச்மேட்டான ஜெனரல் வந்தார். ஏ.டி.சி.யை (கூடவே வரும் உதவி அதிகாரி) வெளியே நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிக் கட்டில் ஓரத்தில் வைத்தார். பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் கர்னல் அன்றைக்குத்தான் சரியாகச் சாப்பிட்டார்.

கார்த்தி தம்பி, உங்கள் அண்ணனோடு போர்டுக்குப் போய்க் கிடைக்காமல் போன ஒருவர் கட்டாயம் இருப்பார். இன்னும் சில வருஷம் அவரும் சர்வீஸில்தான் இருப்பார். அவரிடம் வேலையும் வாங்க வேண்டும், மரியாதையும் குறையக்கூடாது. அதைச் செய்யத் தெரியாத ஜெனரலுக்குக் கீழே தலைமையகமே சோம்பிப் போகும்.

குன்னூர் கார்த்தி:

சிஸ்டர் அம்மா, அந்த ஒருவர் யார் என்று எங்கள் வீட்டிலேயே எல்லோருக்கும் தெரியும். அண்ணன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக வந்தவர். இதைக் கட்டாயம் அண்ணனிடம் சொல்கிறேன்.

இன்னொன்று கேட்கிறேன். பிரிகேட் தலைமையில் இருப்பது சுமார் ஒன்றரை வருஷம்தான் என்கிறார்கள். அதற்குள் ஒரு கெட்ட பெயர் வந்தால் அடுத்த போர்டில் அடிபடும். அப்படியிருக்கும்போது யார் துணிந்து உண்மையைச் சொல்வார்கள்? யார் ஆபத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்வார்கள்?

டல்லாஸ் முருகேசன்:

இதற்கு அமெரிக்கப் படையின் பழைய நடைமுறையில் ஒரு பதில் இருக்கிறது. ஜார்ஜ் மார்ஷல் 1939 செப்டம்பர் 1 அன்று, ஜெர்மனி போலந்தைத் தாக்கிய அதே நாளில், தரைப்படைத் தலைவரானார். வயதான அதிகாரிகளைக் கூட்டமாக ஓய்வுக்கு அனுப்பி, இளையவர்களை மேலே ஏற்றினார். அவருடைய தேர்வும் பொய்த்திருக்கிறது. லாயிட் ஃப்ரெடன்டாலை அவர் பெரிதாக மதித்தார். அந்த மனிதர் துனிசியாவில் போர்முனைக்கு வெகு தூரம் பின்னால், மலைப்பிளவுக்குள் தன் தலைமையகத்துக்காகப் பாறையைக் குடைய எஞ்சினியர்களை வாரக்கணக்கில் வேலை வாங்கினார். 1943 பிப்ரவரியில் காசரீன் கணவாயில் அடி விழுந்தது. மார்ச்சில் அவரை எடுத்துவிட்டு ஜெனரல் பேட்டனைப் போட்டார்கள்.

அதே வருஷம் ஆகஸ்டில் சிசிலியில் 1-வது டிவிஷன் தலைவர் டெர்ரி ஆலனையும் எடுத்தார்கள். ஆனால் அவரை ஒழித்துக்கட்டவில்லை. 104-வது டிவிஷனைக் கொடுத்தார்கள், அதை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போய் நன்றாகவே சண்டையிட்டார். ஒரு பதவியில் சறுக்கினால் வேறு இடத்தில் மறுபடி வாய்ப்புண்டு என்று தெரிந்தால்தான் மனிதன் துணிவான். ஒரே தப்பில் கதை முடியும் என்றால் எல்லோரும் கல்லுக்குச் சுண்ணாம்புதான் அடிப்பார்கள். குணத்தை அதிகாரியிடம் மட்டும் தேடிப் பயனில்லை, அவரை எடைபோடும் போர்டிடமும் தேட வேண்டும்.

கொக்குவிலான்:

எல்லாற்றை பதிவையும் வாசிச்சன். நானும் ஒண்டு சொல்லவேணும். கோபத்திலை இல்லை.

1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அமைதிப்படை இலங்கையிலை வந்து இறங்கேக்கை எங்கடை சனம் மாலை போட்டது. அக்டோபரிலை எல்லாம் மாறிச்சுது. அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்திலை ஹெலியிலை ஆக்களை இறக்கினவை. எதிர்த்தரப்பு, புலிகள், காத்துக்கொண்டு நிண்டவை. இறங்கின சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி ஆக்கள் 30 பேரிலை 29 பேர் செத்துப்போச்சினம், ஒருத்தர்தான் மிஞ்சினவர். இன்னும் ஆக்களை ஏத்திக்கொண்டு வந்த ஹெலிகள் சூடு பட்டதாலை திரும்ப வரேல்லை. அந்தப் பொடியங்களும் ஒரு தாய் பெத்த பிள்ளையள்தான். அவசரப்பட்டு அனுப்பினது மேலை இருந்தவை.

அந்த மாதம் 21-ஆம் தேதி, தீபாவளி நாள். யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளை நோயாளர், வைத்தியர், தாதியர் எண்டு 60 பேருக்கு மேலை கொல்லப்பட்டவை. சண்டைக்கு இடையிலை அகப்பட்டவை எண்டு இந்தியத் தரப்பு சொன்னது. உள்ளுக்கை இருந்து தப்பின ஆக்கள் அப்பிடிச் சொல்லேல்லை.

நீங்கள் கதைக்கிற குணங்களிலை ஒண்டு விடுபட்டுப் போச்சுது. ஒரு ஜெனரலின்ரை வரைபடத்திலை வீடு, வைத்தியசாலை, கோயில் எல்லாம் பெட்டி பெட்டியாத்தான் தெரியும். அதுக்குள்ளை சனம் இருக்குது எண்டு கீழை இருக்கிற கடைசிச் சிப்பாய் வரைக்கும் சொல்லி வைக்கிறது அவற்றை பொறுப்பு. பிழை நடந்தால் விசாரிச்சு வெளியிலை சொல்லுறதும் அவற்றை பொறுப்புத்தான்.

கம்மவான்பேட்டை சுபேதார்:

கொக்குவில் ஐயா, நான் அங்க இருந்தேன். சின்னப் பையன், சிப்பாய்.

தமிழ் தெரியும்னு என்னை முன்னாடி நடக்கவிடுவாங்க. ஒரு நாள் ஒரு கிணத்தடியில வயசான ஒருத்தர், "தம்பி, அந்த ஒழுங்கைக்குள்ளை போகாதேங்கோ" அப்படின்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. நான் எங்க கேப்டன் சாப்கிட்ட சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என் மூஞ்சியைப் பார்த்தாரு, அப்புறம் வயல் வழியா சுத்திப் போகச் சொன்னாரு. ஒழுங்கைன்னா சந்து, அதுல கண்ணிவெடி இருந்தது. அந்தப் பெரியவர் இல்லன்னா நான் இன்னிக்கு இங்க எழுதிக்கினு இருக்கமாட்டேன்.

அந்த ஊர் சனங்க என்ன நினைக்கறாங்க, எதுக்கு மாலை போட்டவங்க கதவைச் சாத்தறாங்கன்னு எங்களை மாதிரி தமிழ் பேசற ஜவான்களுக்குக் கொஞ்சம் தெரியும். பெரிய சாப் யாரும் எங்களைக் கூப்பிட்டுக் கேக்கல. எங்க ஆளுங்க 1,100 பேருக்கு மேல அங்க போயிட்டாங்க. உங்க ஆளுங்க எத்தனை பேர்னு நீங்கதான் சொல்லணும். நீங்க எழுதினதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடலோரம்:

இழை வேறு பக்கம் போகிறது என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், போகவில்லை. துணிந்து செய் என்று நான் எழுதினேன். அதிலிருந்து விலகவில்லை. ஆனால் நந்தாவின் துணிச்சலுக்குப் பின்னால் அந்தப் படகுகளை உள்ளும் புறமும் அறிந்த ஆட்கள் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் துணிந்தார். அந்த மைதானத்தில் இறங்கப்போகிறவனிடமோ, அந்த ஊர்க்காரனிடமோ கேட்காமல் எடுத்த முடிவைத் துணிச்சல் என்று நான் கணக்கில் எழுதமாட்டேன்.

சுபேதார் சார், உங்களிடம் ஒரு நேரடிக் கேள்வி. கார்த்தியின் அண்ணன் அடுத்த மாதம் பிரிகேட்டுக்குப் போய் இறங்குகிறார். முதல் வாரத்தில் என்ன செய்யவேண்டும்?

கம்மவான்பேட்டை சுபேதார்:

மொதல்ல, வரவேற்புக்கு எந்த போஸ்ட்லயும் சுண்ணாம்பு அடிக்கக்கூடாதுன்னு போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே எழுத்துல ஆர்டர் போகணும். வாயால சொன்னா யாரும் நம்பமாட்டாங்க.

எல்லா பட்டாலியன் சுபேதார் மேஜர் சாபையும் தனியா கூப்பிட்டு உட்காரவைக்கணும், சி.ஓ. இல்லாம. ஆனா சி.ஓ.வுக்கு முன்கூட்டியே சொல்லிட்டுச் செய்யணும், இல்லன்னா வேவு பாக்கற மாதிரி ஆயிடும். லீவு கேட்டுக் கிடைக்காதவங்க லிஸ்ட்டை வாங்கிப் பாக்கணும். எந்த கம்பெனியில பிரச்சினைன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

தூரமா இருக்கற போஸ்ட்டுக்கு மொதல்ல போகணும், ரோட்டோரத்துல இருக்கறது அப்புறம். ஹெலிகாப்டர் கிடைச்சாலும் ஒரு தடவை நடந்து போகணும், அங்கேயே ராத்திரி தங்கணும். ரெண்டு மணிக்கு எழுந்து சென்ட்ரிகிட்ட போய் நிக்கட்டும். அந்த நேரத்துல எந்தப் பையனும் "நஹீ சாப்" சொல்லமாட்டான்.

அப்புறம் தம்பி, அந்த மாப்பிள்ளைத் தோழருக்கு உங்க அண்ணனே மொதல்ல போன் பண்ணட்டும். வேற யார் மூலமாவும் அவருக்குச் சேதி போகக்கூடாது.

குன்னூர் கார்த்தி:

ஐயா, போன் நேற்றே போய்விட்டது. மற்றதையெல்லாம் அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டேன். சுண்ணாம்பு ஆர்டரை எந்த வாசகத்தில் எழுதினால் கீழே உள்ளவர்கள் நம்புவார்கள் என்று அண்ணன் உங்களிடம் கேட்கச் சொல்கிறார்.